ஆண் இல்லாத குப்பி

ஆய்வு மையத்தில் தேவிப்ரியாவை எல்லோரும் தேபிப்ரியா என்றுதான் கூப்பிடுவார்கள். வங்காளிகளின் நாக்கில் ‘வி’ நிற்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓரிரு முறை திருத்திப் பார்த்தாள். பிறகு அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

அவள் அப்பா சிவராஜ் தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். கிடர்பூர் கப்பல்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்று, பெஹாலாவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறினார். பிள்ளைகள் மூன்றும் பெண்கள். அம்மா விஜயலட்சுமியையும் சேர்த்தால் நான்கு. மூத்தவள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். கடைசிப் பெண் மது வங்கி வேலை கிடைத்து ராஞ்சிக்குப் போனாள். நடுவில் பிறந்த தேவிப்ரியா மட்டும் வீட்டில் இருந்தாள்.

விலங்கியலில் முதுகலை படித்திருந்தாள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வை எழுதி எழுதிப் பார்த்தும் கரை சேரவில்லை. கொஞ்ச காலம் பெஹாலாவில் ஒரு கோச்சிங் வகுப்பில் உயிரியல் சொல்லிக் கொடுத்தாள். முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஜாதவ்பூர் பக்கம் பயிர்ப்பூச்சிகளை ஆராயும் ஒரு சிறிய மையத்தில் திட்ட உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். வருஷத்துக்கு வருஷம் நீட்டித்தால் உண்டு.

“குளவிக்குச் சோறு போடுத சோலி” என்பார் சிவராஜ், பேருந்தில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவள் வளர்த்தவை குளவிகள்தாம். ஆனால் கூடு கட்டிக் கொட்டும் குளவி இல்லை. அச்சிட்ட புத்தகத்தில் வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு புள்ளி இருக்குமே, அந்த அளவுதான் இருக்கும். டிரைக்கோகிரம்மா என்று பெயர். அந்துப்பூச்சி இலையில் முட்டையிட்டதும், இந்தக் குளவி வந்து அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே இருக்கும் புழு பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோகும். முட்டை கறுத்து, சில நாளில் அதைத் துளைத்துக்கொண்டு குளவி வெளியே வரும். காய்கறித் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதற்குப் பதிலாக, இப்படிக் கறுத்த முட்டைகளை அட்டையில் ஒட்டிச் செடிகளில் தொங்கவிடுவார்கள். அந்த அட்டைகளுக்கான குளவிகளைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்ப்பதுதான் தேவிப்ரியாவின் வேலை. தேன் தடவிய காகிதம், புதிய முட்டை அட்டை, வாயில் பஞ்சு, வெளியே தேதி எழுதிய சீட்டு.

முதல் மாதம் சலிப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் நுண்ணோக்கியில், ஒரு குளவி முட்டையின் மேல் ஏறி நின்று உணர்கொம்புகளால் தட்டித் தட்டி அளவு பார்ப்பதைக் கண்டாள். கடைக்காரர் தர்ப்பூசணியைத் தட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு எழுந்து போவது குறைந்துவிட்டது.

இவற்றில் ஒரு சங்கடம் உண்டு. இனங்கள் பல, பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஒன்று கரும்புக்கு உதவும், இன்னொன்று நெல்லுக்கு, மற்றொன்று எதற்கும் உதவாது. நிறத்தையும் அளவையும் வைத்துப் பிரித்தால் பெரும்பாலும் ஏமாந்துபோக வேண்டியதுதான். நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆண் குளவியைப் பிடித்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, அதன் பின்னுடல் நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஆண்களில்தான் வேறுபாடு துலங்கும். பெண்கள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும்.

அவள் சேர்ந்து இரண்டாவது குளிர்காலத்தில் சோனார்பூருக்கு அப்பால் ஒரு காலிஃபிளவர் தோட்டத்துக்குப் போனாள். கூட வந்தவர் திட்டத் தலைவர் சுபர்ணா சென்குப்தா. ஐம்பதை நெருங்கிய விஞ்ஞானி. எல்லோருக்கும் ‘சுபர்ணா தி’, அதாவது சுபர்ணா அக்கா. பூச்சிமருந்தே அடிக்காத அந்தத் தோட்டத்தில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, அடிப்புறத்தில் கறுத்த முட்டைகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. இலையோடு வெட்டி எடுத்து வந்தார்கள்.

அந்த முட்டைகளிலிருந்து குளவிகள் வந்தன. எல்லாம் பெண்கள். சரி, முதல் முறை அப்படி அமைந்திருக்கும் என்று அடுத்த தலைமுறையை வளர்த்தாள். அதிலும் பெண்கள். அதற்கு அடுத்ததிலும். ஆணின் கொம்பில் தூரிகை மாதிரி நீண்ட முடிகள் இருக்கும். பெண்ணுக்குக் கொம்பு நுனி மழுங்கிக் கதாயுதம் போல இருக்கும். குழாய் குழாயாகத் தேடினாள். எங்கேயும் தூரிகை இல்லை, கதாயுதங்கள் மட்டுமே. ஆணே இல்லாமல் பெண்கள் பெண்களையே பெற்றுக்கொண்டிருந்தன.

வீட்டில் சொன்னபோது சிவராஜ் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப அங்கயும் நம்ம வீடு மாதிரிதான்னு சொல்லு.”

“நம்ம வீட்ல நீங்க ஒருத்தர் இருக்கீங்களேப்பா. அங்க அதுவும் இல்ல.”

“குடுத்து வச்சதுக” என்றாள் விஜயலட்சுமி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

மையத்தில் இது சிரிப்புக்குரிய விஷயமாக இல்லை. இயக்குநருக்கு ஆசை வந்துவிட்டது. முட்டையைக் கொல்லுவது பெண் குளவி மட்டும்தான். ஆணுக்குத் தோட்டத்தில் வேலையில்லை. எல்லாமே பெண்ணாகப் பிறக்கும் குளவி என்றால் ஒன்றும் வீணில்லை அல்லவா? பார்வைக்கு மையத்தின் பழைய வளர்ப்பைப் போலவே வேறு இருக்கிறது. “ஒரே இனம்தானே, பழையதோடு கலந்துவிடுங்கள். மழை முடிந்ததும் விவசாயிகளுக்குக் கொடுத்துவிடலாம்” என்றார் கூட்டத்தில்.

சுபர்ணா தி தயங்கினார். வேறு இனமாக இருந்தால் இரண்டும் கெட்டுவிடும். எந்த அட்டை எந்தப் பயிருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. பெங்களூரில் இந்தக் குளவிகளை இனம் பிரிப்பதையே வேலையாகக் கொண்ட ராகவேந்திரன் என்பவருக்குச் சில குளவிகளை அனுப்பி வைத்தார்கள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தேவிப்ரியா என்ற பெயரைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்தார்.

“எல்லாம் பெண்ணா அனுப்பியிருக்கீங்களேம்மா. ஒரு ஆண் கிடைக்காதா?”

“இல்ல சார், ஜென்மத்துக்கும் பொண்ணுதான் வருது. நானும் பார்த்துட்டேதான் இருக்கேன்.”

“ஆண் இல்லாம நான் பேர் சொன்னா அது ஜோசியம் ஆயிடும். பழசு மாதிரி இருக்குன்னு மட்டும் சொல்லலாம். அதை நீங்களே சொல்லியாச்சு. மரபணு பார்க்கலாம், ஆனா எங்க கருவி பழுதாகிக் கிடக்கு. மழைக்குள்ள முடியாது.”

“அப்ப என்ன சார் பண்றது?”

“கலக்காதீங்க. அது மட்டும் சொல்லுவேன்.”

சுபர்ணா தி இயக்குநரிடம் மழைக்காலம் வரைக்கும் தவணை வாங்கினார். அதற்குள் பெயர் தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் கலந்துவிடுவது. தேவிப்ரியாவின் வேலை நீட்டிப்பும் அதே திட்டத்தோடு கட்டிப்போட்டது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மறுபடியும் வங்கித் தேர்வுப் பேச்சை எடுத்தாள். மது ராஞ்சியிலிருந்து பழைய வினாத்தாள்களை அனுப்பி வைத்தாள். தேவிப்ரியா அவற்றை வாங்கி அலமாரியில் வைத்தாள், பிரிக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்துப் பூச்சி வளர்க்கும் அறையின் ஏசி நின்றுபோனது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, உதிரிப்பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். குளிர் அலமாரி ஒன்றுதான் இருந்தது. அதுவும் சின்னது.

“பழைய வளர்ப்பை உள்ளே வை” என்றார் சுபர்ணா தி. “சோனார்பூர்க் குழாய்களுக்கு இடமில்லை, தேபிப்ரியா. போனால் போகட்டும்.”

“ஒன்றே ஒன்று, தி. மூலையில் செருகிக்கொள்கிறேன்.”

“சரி. ஒன்று.”

ஒரு குழாய் உள்ளே போனது. மற்றவை வெளியே. அவற்றை அப்படியே விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் போய் வாய் அகன்ற மண்பானைகள் வாங்கி வந்தாள். அடியில் ஈர மணல் போட்டு, குழாய்களை உள்ளே அடுக்கி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தி, வெயில் படாத மேஜைக்கடியில் தள்ளினாள். வந்ததும் ஒரு தரம், கிளம்பும்போது ஒரு தரம் சாக்கை நனைப்பாள். பானைக்குள் வைத்த வெப்பமானி முப்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது. சில மதியங்களில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. குளவிகள் செத்தன. பிழைத்தவையும் தள்ளாடின. ஆனாலும் முட்டையிட்டன. ஒரு தலைமுறை போய் மறு தலைமுறையும் அந்தப் புழுக்கத்திலேயே பிறந்தது.

மே முதல் வாரத்தில் ஏசி ஓடத் தொடங்கிய மறுநாள், எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு பானைக்குழாயை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் வேறு யாரும் இல்லை. கதாயுதம், கதாயுதம், செத்தது ஒன்று, கதாயுதம். கண்ணாடியின் ஓரத்தில் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடியது. குவியத்தைத் திருப்பினாள்.

கொம்பில் தூரிகை.

முதலில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து பார்த்தாள். அதேதான். பக்கத்துக் குழாயிலும் இரண்டு.

சுபர்ணா தி வந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“பழைய வளர்ப்பிலிருந்து ஆண் பறந்து வந்து புகுந்துவிட்டது. ஏசி போன அமர்க்களத்தில் பஞ்சு சரியாக அடைபடாமல் இருந்திருக்கும்.”

“நான் அடைத்தேன், தி.”

“அடைத்திருப்பாய். ஆனால் இது இவ்வளவு சின்னது. எந்த இடுக்கில் நுழைந்தது என்று யார் கண்டது? கலப்படம் என்று எழுதிவிட்டு அந்தக் குழாய்களைக் கொட்டிவிடு. அலமாரியில் இருக்கும் ஒன்றிலிருந்து புதிதாக ஆரம்பிப்போம்.”

கோபத்தில் சொல்லவில்லை. இருபது வருஷம் இந்த வேலையில் இருப்பவர் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். தேவிப்ரியாவுக்குமே பாதி அப்படித்தான் தோன்றியது. பஞ்சு அடைத்த தன் விரல்களையே நம்ப முடியவில்லை. பிறகு ஒன்று பிடிபட்டது.

“தி, புகுந்த ஆண் என்றால் அது பழைய இனத்து ஆண்தானே?”

“ஆமாம்.”

“அப்போது தகட்டில் பதித்துப் பார்த்தால் பழைய ஆண் மாதிரியே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கொட்டிவிடுகிறேன்.”

சுபர்ணா தி அவளை ஒரு நொடி பார்த்தார். “அச்சா, செய்.”

செய்வது சொல்வது போல் லேசாக இல்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடலை ஊறவைத்து நிறமிழக்கச் செய்து, பிசின் துளியில் முதுகு மேலே இருக்கும்படி மல்லாத்தாமல் படுக்க வைக்க வேண்டும். மூச்சு பட்டால் போச்சு. முதல் ஆண் திரும்பிக் கொண்டது. இரண்டாவது காணாமலே போனது. மூன்றாவதைப் பதித்தபோது மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்ததால் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. தகடு காய்ந்து தெளிய இரண்டு நாள் விட்டாள்.

பக்கத்தில் பழைய வளர்ப்பின் ஆண் ஒன்றையும் பதித்து வைத்திருந்தாள். முதலில் அதைப் பார்த்தாள். பின்னுடல் நுனியில் அந்த உறுப்பின் சின்னக் கூடு. அதன் மேல்தகடு இரண்டு பக்கமும் தோள் விரித்து, அகலமாக, அரசிலை மாதிரி இருந்தது. பிறகு பானையில் பிறந்தவனை வைத்தாள். தோளே இல்லை. குறுகலாக, வேப்பிலை மாதிரி ஓடிக் கூராக முடிந்தது. வேண்டுமென்றே தகடுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அரசிலை, வேப்பிலை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஓடிப் போய்ச் சுபர்ணா தியைக் கூப்பிட்டாள். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, “ஆரே பாபா” என்றார் மெதுவாக. “இது எங்கிருந்தும் பறந்து வரவில்லை. இந்த மாதிரி ஆணே நம் கட்டடத்தில் கிடையாது.”

அன்று மாலையே ராகவேந்திரனிடம் காணொளியில் பேசினார்கள். தகட்டின் படத்தைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது.

“எப்படிம்மா கிடைச்சான் இவன்?”

ஏசி போன கதையைச் சொன்னாள். பானை, சாக்கு, வெப்பமானி எல்லாவற்றையும். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“அப்படியா சேதி! சில குளவிகளோட உடம்புக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கும். அது இருக்கிற வரைக்கும் பெண் பெண்ணையே பெறும், ஆண் தேவையே இல்ல. சூட்டுல அந்தக் கிருமி செத்துப்போகும், ஆண் திரும்பி வந்துடும். தேன்ல மருந்து கலந்து குடுத்தும் பண்ணலாம். எனக்கு அன்னிக்கே தோணியிருக்கணும். நீங்க வேணும்னே பண்ண வேண்டியதைக் கொல்கத்தா வெயில் பண்ணிடுச்சு.”

“வேற இனம்தானே சார்?”

“வேறதான்னு நினைக்கிறேன். ஆனா கல்யாணம் பண்ணி வச்சும் பாருங்க. அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது.”

இந்தக் குளவிகளுக்கு ஒரு விசித்திர வழக்கம்: இணை சேர்ந்து கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். அதனால் இரண்டு இனங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் பிறப்பதெல்லாம் ஆண்கள்தான். தேவிப்ரியா பானையில் பிறந்த ஆண்களைப் பழைய வளர்ப்பின் கன்னிப் பெண்களோடு விட்டாள். பிறந்தது அத்தனையும் ஆண். கிருமி நீங்கிய சோனார்பூர்ப் பெண்களைப் பழைய ஆண்களோடு விட்டாள். அதிலும் ஆண்கள் மட்டுமே. அலமாரியில் இருந்த குழாயின் வாரிசுகளுக்குத் தேனில் மருந்து கலந்து கொடுத்தாள். குளிரிலேயே வளர்ந்த அவற்றிலும் தூரிகைக் கொம்புகள் வந்தன. வேப்பிலைதான், வேறில்லை.

முதல் மழை பெய்த வாரத்தில் ராகவேந்திரன் பெயரைச் சொன்னார். புதிய இனம் இல்லை. பல வருஷங்களுக்கு முன்பு யாரோ ஒருவர் விவரித்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு யாரும் அதிகம் தேடாதது. தேவிப்ரியாவுக்கு மனசு கொஞ்சம் தொய்ந்தது. புதிது என்று சொல்லிவிடுவார் என்று எங்கோ ஒரு மூலையில் ஆசைப்பட்டிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சுபர்ணா தி கண்டுபிடித்துவிட்டார்.

“பெயர் ஏற்கெனவே இருந்தால் என்ன? இங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நேற்றுவரை எனக்கே தெரியாதே.”

இயக்குநர் கலக்கச் சொன்னதைத் திரும்பப் பெற்றார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு தனித்தனி வளர்ப்பு என்று அறிக்கையில் எழுதுவது இன்னும் நன்றாக இருக்கும் என்று கண்டுகொண்டார். வேலையும் நீண்டது.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு வகை அட்டைகளையும் தனித்தனிப் பாத்திகளில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பழைய இனம் காலிஃபிளவர் இலையின் அடிப்புறத்துக்கு அவ்வளவாகப் போகவில்லை. சோனார்பூர்ப் பெண்கள் போயின. புழு அடியோடு ஒழிந்தது என்று சொல்ல முடியாது. பனி மூட்டமான நாட்களில் இரண்டுமே சுருண்டுகொண்டன. ஆனால் தோட்டக்காரர் மருந்து தெளிப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் பக்கத்து நிலத்துக்காரரும் அட்டை கேட்பதாகச் சொல்லி, இரண்டு பூக்களைப் பறித்து அவள் பையில் திணித்தார். விஜயலட்சுமி அதில் ஒன்றைப் பொரியல் செய்தாள். மற்றதை, எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர் வீட்டுக்காரிக்குக் கொடுத்தாள், “எங்க தேவியோட குளவி காத்தது” என்று விளக்கம் சொல்லி. பௌதிக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு வங்காளம் அரைகுறை. என்ன புரிந்ததோ, பௌதி தேவிப்ரியாவைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாகத் தலையாட்டத் தொடங்கினாள்.

ஆய்வுக்கட்டுரையில் சுபர்ணா தி அவள் பெயரை முதலில் போட்டார். அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. முப்பத்து நான்கு வயதில். பயிற்சிக்காகப் பெங்களூருக்குப் போக வேண்டிவந்தது. சிவராஜ் ஹௌரா நிலையத்துக்கு வந்து, வேண்டாம் என்றாலும் கேளாமல் பெட்டியைத் தானே தூக்கி ரயிலில் வைத்தார்.

“ஏட்டி, ஒண்ணு கேக்கணும்” என்றார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. “ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. பிரிச்சுப் பாத்து என்ன ஆகப்போவுதுன்னு நான் பேசாமத்தான் இருந்தேன். நீ எப்படி விடாம நின்ன?”

“ஒரே மாதிரி இல்லப்பா. நமக்குப் பாக்கத் தெரியல, அவ்வளவுதான்.”

அவர் யோசித்தார். “சரி, நல்லாப் பாத்துட்டு வா” என்றார்.

பெங்களூரில் ராகவேந்திரனை நேரில் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. குரலை வைத்து வயதானவர் என்று நினைத்திருந்தாள். தன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராகத்தான் தெரிந்தார். ஜன்னலோரம் ஒரு மேஜையைக் காட்டினார். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் மரத்தட்டு நிறையக் கண்ணாடித் தகடுகள். அஸ்ஸாம், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று இடத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. இனத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்விக்குறி.

“இதெல்லாம் யாரும் பார்க்காம கிடக்கு” என்றார். “எதுல வேணும்னாலும் ஆரம்பிங்க. தப்பா வந்தா ரெண்டு பேரும் உக்காந்து சண்டை போட்டுக்கலாம்.”

அவள் பையை நாற்காலியில் மாட்டினாள். ஒடிசாவிலிருந்து வந்த தகடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள்.